கிட்டப் போனால் தலைகீழ்

ஒரு மனிதரின் முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் இருந்துகொண்டு, அந்த முகத்தைப் பார்க்காமல் பக்கத்திலிருக்கிற திரையை மட்டும் பார்க்கிறதுதான் எங்கட தொழில்.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல்பக்கம் இறங்குகிற ஒரு லேனில், கீழே பாமசி, மேலே கண் கிளினிக். நான் மேலே. பெயர் அன்ரன், இருக்கிறது கொட்டாஞ்சேனை, வேலை கண்ணுக்குள்ளே படம் பிடிக்கிறது. கமராவால் எடுக்கிற சாதாரணப் படம் இல்லை. மெஷின் கண்ணுக்குள்ளே ஒரு வெளிச்சத்தை விடும். அது உள்ளே போய்த் திரும்பி வருகிற விதத்தை வைத்து விழித்திரையை வெட்டாமலே வெட்டிக் காட்டும். பேர்த்டே கேக்கை வெட்டினால் பக்கவாட்டில் தட்டுத் தட்டாகத் தெரியுமே, அப்படி. மேல் தட்டுகள் பளிச்சென்று விழும். அதற்குக் கீழே ரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு தட்டு இருக்கு. அங்கே போவதற்குள் வெளிச்சம் களைத்துவிடும். படத்தில் வெறும் புகைதான் விழும். என் சீவியத்தில் பாதி அந்தப் புகைக்குள்ளே எட்டிப் பார்க்கிறதில் போய்விட்டது.

மிச்சப் பாதி போனைப் பார்க்கிறதில் போகுது. என் மனிசி ஸ்டெல்லா சைப்ரஸில் ஒரு கிழவியைப் பராமரிக்கிற வேலையில் இருக்கிறா. வெளிநாட்டில் ஆளை வைத்துக்கொண்டு, போனில் முகம் உறைந்து நின்றால் மாதாவையும் பிள்ளையாரையும் ஒன்றாகக் கூப்பிடுகிற என் இனத்துச் சனமே, கதிரையை இழுத்துப் போட்டு இருங்கள். இது உங்களுக்குத்தான்.

சிமிட்டாத கண்

"நாடியைக் கிண்ணத்தில வையுங்கோ, நெத்தியைப் பட்டியில முட்டுங்கோ, பச்சைப் புள்ளியைப் பாருங்கோ, சிமிட்டாதேங்கோ." இதை நான் நித்திரையிலும் சொல்லுகிறேனாம், மகள் சொல்லுகிறாள். சொல்லி என்ன? யார் கேட்கிறார்கள்? ஒருவர் சரியாக அந்த நேரம் பார்த்துத் தும்முவார். இன்னொருவர் "என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்கிறதுக்காகவே நாடியை எடுப்பார். ஒரு சட்டத்தரணி, அது பச்சை இல்லை நீலம் என்று என்னோடு வழக்காடியே நேரத்தை முடித்தார்.

முகத்துவாரத்திலிருந்து ஒரு அம்மா வந்தா. கடல்தொழில் செய்கிற குடும்பம், சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, கண்ணைத் தொட்டிருந்தது. நாடியை வைத்தா, நெற்றியை முட்டினா, பார்த்தா. அவ்வளவுதான். கண் அசையவே இல்லை. எனக்கே பயம் வந்து, "அம்மா, சிமிட்டலாம், முடிஞ்சுது" என்றேன். இந்தத் தொழிலுக்கு வந்து இப்படி ஒரு கண்ணைக் கண்டதில்லை என்று மனம்விட்டுச் சொன்னேன். அவ சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா. "நீங்க சொல்லத் தேவையில்ல தம்பி, மனுசன் கடலுக்குப் போன நாள்ல எல்லாம் நான் இப்பிடித்தான் பாத்துக்கிட்டு நிப்பன்."

மெஷின் பழுதான நாள்

எங்கட டொக்டர் மிஸ் வெளிநாட்டில் மேற்படிப்பு முடித்துவிட்டு வந்த புதுசு. வந்ததும் வராததுமாக என்னிடம், "அன்ரன், அடுத்த ஆளுக்கு மெஷினை வழமையை விட இன்னும் கிட்டக் கொண்டுபோய் எடுங்கோ" என்றுவிட்டு உள்ளே போய்விட்டா. நானும் கிட்டக் கொண்டுபோனேன். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். திரையில் இருந்த கண் திடீரென்று குப்புற விழுந்தது. மேலே இருந்த தட்டெல்லாம் கீழே, கீழே இருந்ததெல்லாம் மேலே. அந்தோனியாரே, கிளினிக் பெரிய காசு போட்டு வாங்கின மெஷினை நான் உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். டொக்டர் மிஸ்ஸுக்குச் சொல்லாமல் தெமட்டகொடையில் இருக்கிற சேர்விஸ் பொடியன் நுவனுக்குப் போன் அடித்தேன்.

அவன் வருவதற்குள் டொக்டர் மிஸ் வெளியே வந்து, திரையைப் பார்த்து, "ஆ, சரியா வந்திருக்கு!" என்று கை தட்டினா. விஷயம் இவ்வளவுதான். மெஷினுக்கு மேல் விளிம்புதான் தெளிவான இடம், கீழே போகப் போக மங்கும். கிட்டக் கொண்டுபோய்ப் படத்தைக் குப்புற விழுத்தினால் அடித்தட்டு மேலே வந்துவிடும். தோசையைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கம் பார்க்கிற மாதிரி. என் புகைக்குள்ளே முதல் தடவையாக ஏதோ தெரிந்தது. கறுப்புக் கறுப்பாக, வளைந்து வளைந்து, ரத்தக் குழாய்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தபடி நிற்க, மூச்சிரைக்க ஏறி வந்த நுவன் மெஷினைத் தட்டிப் பார்த்தான். மெஷினுக்கு ஒன்றுமில்லை, நீங்கள்தான் பயந்துபோய் இருக்கிறீர்கள் என்று சிங்களத்தில் சிரித்தான்: "அய்யே, மெஷின் எக்க ஹொந்தாய், ஓயா தமய் பய வெலா இன்னே."

ஹாஜியாரின் சொட்டு மருந்து

புதுப் பழக்கம் பிடித்தால் விடுவேனா? வருகிற கண்ணையெல்லாம் குப்புற விழுத்தினேன். அந்த வேகத்தில், பிரிண்ட் எடுக்கும்போது படத்தைத் திரும்ப நிமிர்த்த வேண்டும் என்பது மறந்து போச்சு.

கிராண்ட்பாஸில் புடவைக் கடை வைத்திருக்கிற ஹாஜியார் ஒருவர். பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறவர். அடுத்த நாள் காலையிலேயே வந்து இரண்டு ரிப்போர்ட்டையும் கவுண்டரில் பக்கம் பக்கமாக விரித்தார். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், திரும்பக் கழற்றினார். பின்னால் நின்ற சனமெல்லாம் எட்டிப் பார்க்குது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஹாஜியாருக்குக் கோபம் இல்லை, உண்மையான கவலை. "தம்பி, போன முற நேரா ஈந்த கண்ணு இந்த முற தலகீழா ஈக்கிது, இனி எந்தப் பக்கத்தால நான் சொட்டு மருந்த விடுற?"

மூக்கில்லாத மாப்பிள்ளை

இனித்தான் கதை. தர்ஷிகா முதல் தடவை வந்தது ஒரு மழைக் காலையில். முப்பதைத் தொடப்போகிற வயது, வெள்ளவத்தையிலேயே ஒரு பிளற்றில் தாயோடு இருக்கிற பிள்ளை. கொழும்பில் றெஜிஸ்டர் பண்ணின கையோடு புருஷன் கஜன் ரொறொன்ரோவுக்குத் திரும்பிவிட்டார். எங்கட சனத்தில் இது வழமைதானே, எழுத்து முதலில், தாலி பிறகு. ஆவணியில் லீவில் வருகிறார், கோயிலில் தாலி கட்டு. அதுவரைக்கும் இங்கே காலை, அங்கே ராத்திரி என்று போனிலேயே குடும்பம் நடக்குது.

கட்டிலில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தபடிதான் கதைக்கிறதாம். இடது கண் தலையணையில் புதைந்துவிடும், வலது கண்தான் மாப்பிள்ளையைப் பார்க்கும். அந்த வலது கண்ணின் நடுவில்தான் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு வந்து குந்திவிட்டது. படம் எடுத்தேன். விழித்திரைக்கு அடியில் நீர் கோத்து, பப்படம் பொங்கின மாதிரி ஒரு கொப்புளம். வீட்டுக்காரரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். பிள்ளை தலையை ஆட்டினா. கண் பழுதான பொம்பிளையைத் தலையில் கட்டிவிட்டினம் என்று அந்தப் பக்கத்தில் யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். தாலி கட்டும்போது கஜனின் முகத்தை முழுசாகப் பார்க்க வேண்டும், அதற்குள் கண் சுகமாகிவிடுமா என்று மட்டும்தான் திரும்பத் திரும்பக் கேட்டா. அதை டொக்டர் மிஸ்ஸிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். போகும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னா. "மற்றதெல்லாம் வடிவாத் தெரியுது அண்ணா, காது ரெண்டும் தெரியுது, ஆளுக்கு மூக்குத்தான் இல்லை."

புகை

தண்ணீர் எங்கேயிருந்து ஊறுது என்று பார்க்க, டொக்டர் மிஸ்ஸுக்கு அந்த அடித்தட்டு வேண்டும். நான் மெஷினைக் கிட்டக் கொண்டுபோனேன், படமும் சொன்னபடி கேட்டுக் குப்புற விழுந்தது. ஆனால் ஆழம் தெரிய அது மட்டும் போதாது. மெஷின் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அதுவரை கண் நிற்க வேண்டும். தர்ஷிகாவின் கண் நிற்குமா? பச்சைப் புள்ளியையே அந்தச் சாம்பல் பொட்டு மறைக்குது. எங்கே புள்ளி, எங்கே புள்ளி என்று கண் தேடி அலையுது. போதாக்குறைக்கு ஹாண்ட்பாக்குக்குள்ளே போன் வேறு உறுமுது. உறுமினதும் கண் அந்தப் பக்கம் ஓடிவிடும்.

அடுக்கினதெல்லாம் கலைந்து, கலைந்ததையெல்லாம் திரும்ப அடுக்கி, எனக்குக் கழுத்து வலித்தது, பிள்ளைக்குக் கண்ணீர் வழிந்தது. கடைசியில் கிடைத்தது பழைய புகைதான். டொக்டர் மிஸ் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தா. "அன்ரன், கண் நிக்காட்டி மெஷின் பாவம் என்ன செய்யும்?"

வந்து போன ராசா

அந்த நேரத்தில்தான் கம்பனிக்காரர் ஒரு புது மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார்கள். விற்பனைக்கு இல்லை, கொஞ்ச நாள் பாவித்துப் பார்க்க. ஐயோ, அதை என்னவென்று சொல்ல! அதன் வெளிச்சம் வேறு ஜாதி. இன்னும் நீளமான அலையாம், அடித்தட்டுக்குப் போனாலும் களைக்காதாம். கிட்டக் கொண்டுபோகவும் வேண்டாம், குப்புற விழுத்தவும் வேண்டாம், ஒரே இழுப்பில் கண்ணின் பின்சுவர் வரைக்கும் போய்விட்டு வரும். நான் காலையில் வந்ததும் அதற்குத்தான் முதலில் தூசி தட்டினேன். பழைய மெஷின் மூலையில் துணி மூடிக்கொண்டு கிடந்தது. அதைத் திரும்பிப் பார்க்கவும் எனக்கு மனமில்லை. இரக்கமில்லாத மனிதன்தான், ஒத்துக்கொள்கிறேன்.

கிளினிக்கில் வேலை செய்கிற எல்லாரும் தங்கள் தங்கள் நாடியை அதில் வைத்துப் பார்த்தார்கள். கவுண்டரில் இருக்கிற பசீஹாவும் வந்து இருந்தா. தெமட்டகொடைப் பிள்ளை, அண்ணன் முறையில் என்னை 'நானா' என்று கூப்பிடுகிறவ, கல்யாணம் முடித்துப் பத்தாம் மாதமே புருஷன் றியாத்துக்குப் போனவர். திரையில் தன் கண்ணின் அடித்தளத்தையே கண்டுவிட்டு என் பக்கம் திரும்பினா. "இவ்வளவு ஆழத்துக்குப் போற மெஷின், என்ட மாப்பிளை எப்ப வாரார் எண்டு காட்டாதா நானா?"

பபிள் ஷீற்

தர்ஷிகா அந்த நாட்களில் யாழ்ப்பாணம் போயிருந்தா, கனடாவுக்குப் போகிற ஸ்பொன்சர் அலுவலுக்கு ஏதோ பத்திரம் எடுக்க. திங்கட்கிழமை வந்தவுடன் புது மெஷினில் எடுப்போம் என்று நானே போன் பண்ணிச் சொல்லியிருந்தேன். புகை இல்லை, அலைச்சல் இல்லை, ஒரே இழுப்பு என்று பெருமை வேறு அடித்தேன்.

திங்கட்கிழமை காலை நான் படியேறும்போது மெஷின் இறங்கி வந்துகொண்டிருந்தது. கண்டியில் ஒரு கிளினிக் அதைக் கேட்டதாம், லொறி கீழே நிற்குது. பபிள் ஷீற்றைச் சுற்றி, கயிறு கட்டி, நாலு பேர் தூக்கி வருகிறார்கள். நான் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டேன். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் விடுங்கோ என்று கெஞ்சியும் பார்த்தேன். கம்பனிக்காரர் முதுகில் தட்டி, வாங்கினால் நாளைக்கே கொண்டுவந்து தருகிறேன் என்று பகிடி விட்டார். லொறி காலி வீதியில் திரும்புகிற நேரத்தில்தான் தர்ஷிகா குடையை மடக்கிக்கொண்டு லேனுக்குள் வந்தா. என் முகத்தைப் பார்த்தே பிள்ளைக்கு விளங்கிவிட்டது. "எனக்கு வாறதெல்லாம் நான் வாசலுக்கு வர முன்னமே போயிடுது அண்ணா."

சைப்ரஸ் கிழவி

அன்றைக்குப் பின்னேரம் ஸ்டெல்லாவிடம் இதைச் சொல்லி மூக்கால் அழுதேன். அவ போனைக் குசினி ஜன்னலில் சாத்தி வைத்துவிட்டுக் கிழவிக்குச் சூப் கிண்டிக்கொண்டிருந்தா. நான் சொல்லச் சொல்ல "ஓம், ஓம்" என்கிறா. முகத்தில் பாதி ஆவிக்குள் மறைந்து போகுது. எத்தனையோ ஆயிரம் பேரின் கண்ணின் அடிவரைக்கும் போய் வந்தவன் நான். என் மனிசி ஒரு தரமாவது என் மெஷினில் நாடியை வைத்திருப்பாளா? நான் இந்த வேலைக்கு வர முன்னமே அவ விமானம் ஏறிவிட்டா. அவவின் கண் உள்ளே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வெளியே எப்படி இருக்கும் என்பதும், சும்மா சொல்லவில்லை, மறந்துகொண்டு வருது.

எனக்கு அவ வேண்டும். இதை மறைத்து என்ன? சோறு ஆக்கும்போது வேண்டும், மகளோடு சண்டை பிடிக்கும்போது வேண்டும், பூசையில் பக்கத்தில் முட்டுக்கால் போட வேண்டும். "எப்ப வாறாய்?" என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்கிற கேள்வி. ஸ்டெல்லா அகப்பையை வைத்துவிட்டு போனுக்குக் கிட்ட வந்தா. "உந்தக் கிழவி என்னைத்தான் மகள் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா அன்ரன், அவ கண் மூடும் வரைக்கும் எப்பிடி நான் விட்டிட்டு வாறது?"

மற்றக் கண்

துணியை எடுத்துவிட்டுப் பழைய மெஷினிடமே திரும்பினேன். அது ஒன்றும் கோபிக்கவில்லை. தர்ஷிகாவைத் திரும்பவும் இருத்தினேன். வலது கண்ணுக்குப் புள்ளி தெரியாவிட்டால் என்ன, இடது கண் நல்லாத்தானே இருக்கு? இரண்டு கண்ணும் ஒரே வண்டி மாடு மாதிரி, ஒன்று எங்கே பார்க்குதோ மற்றதும் அங்கேதான் திரும்பும். இடது கண்ணுக்கு ஏதாவது காட்ட வேண்டும். வழமையாக ஒரு சின்ன விளக்கைத்தான் நீட்டுவோம். அதையும் நீட்டிப் பார்த்தேன். அதைப் பார்த்தா, சிமிட்டினா, பார்த்தா, சிமிட்டினா.

அப்போதுதான் அந்தப் போன் திரும்ப உறுமியது, அந்தக் கண் திரும்ப ஓடியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தங்கச்சி, அந்தப் போனை இஞ்ச தாங்கோ!" என்று வாங்கினேன். வாங்கினதும் எனக்கே யோசனை வந்தது. "உங்கட அவற்ற போட்டோ ஒண்டைத் திறந்து விடுங்கோ" என்றேன். கஜன் ஏதோ பனிக்குள்ளே தொப்பி போட்டுக்கொண்டு சிரிக்கிற போட்டோ. அதை அப்படியே பிளாஸ்டரால் மெஷினுக்குப் பக்கத்தில், இடது கண்ணுக்கு நேராக ஒட்டினேன். "இனி அவரைப் பாருங்கோ."

பார்த்தா. முகத்துவாரத்து அம்மாவுக்கு அடுத்ததாக அப்படி ஒரு பார்வையை அன்றுதான் கண்டேன். கண் அசையவில்லை. நான் மூச்சையும் பிடித்துக்கொண்டு மெஷினைக் கிட்டக் கொண்டுபோனேன். படம் குப்புற விழுந்தது, அடுக்கடுக்காக ஏறியது, புகை விலகியது. அடித்தட்டு தடித்து வீங்கி, குழாய்கள் எல்லாம் பெருத்துப் போய்க் கிடந்தன. டொக்டர் மிஸ் ஓடி வந்து பார்த்தா. முதலில் திரையைப் பார்த்தா, பிறகு பிளாஸ்டரில் தொங்குகிற மாப்பிள்ளையைப் பார்த்தா. "அன்ரன், இந்த ஆளை மெஷினோடயே நிரந்தரமா ஒட்டி விடுங்கோ."

நெற்றிப் பட்டி

இப்படி அடித்தட்டு வீங்கிக் கண்டால் டொக்டர்மார் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கு. ஊசியோ குளிசையோ ஸ்டீரொயிட் ஏதும் எடுத்தீர்களா? தர்ஷிகா தலையிடிக்குப் போடுகிற பனடோல் தவிர வேறொன்றும் எடுத்ததில்லை என்றா. நித்திரை? அது எங்கே வருகுது, கனடா நேரத்துக்கும் கொழும்பு நேரத்துக்கும் நடுவில்? சரி, கவலைதான் காரணமாக்கும் என்று டொக்டர் மிஸ் எழுதத் தொடங்கினா.

ஒவ்வொரு ஆளும் எழும்பினதும் நாடிக் கிண்ணத்தையும் நெற்றிப் பட்டியையும் ஸ்பிரிட் போட்டுத் துடைப்போம். அன்றைக்குப் பசீஹாதான் எனக்குக் கை உதவிக்குத் துடைக்க வந்தா. பஞ்சில் வெள்ளையாகப் பிசுக்கு ஒட்டியது. நான் பவுடர் என்றேன். பசீஹா மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்த்துவிட்டு, இது பவுடர் இல்லை, வெள்ளையாக்குகிற கிரீம், தானும் கல்யாணத்துக்கு முதல் பூசினதுதான் என்று சாதாரணமாகச் சொன்னா. கதவுக்குப் பக்கத்தில் நின்ற தர்ஷிகாவின் முகம் சிவந்து போச்சு. புறக்கோட்டையில் வாங்கின, பெயர் ஒட்டாத டப்பா. வீடியோவில் பார்த்த மாமியார் "பிள்ளை நல்லாக் கறுத்துப் போச்சு" என்றாவாம். அன்றிலிருந்து காலையும் மாலையும் பூச்சு. அதற்குள் மருந்து கலந்திருக்கும் என்று பிள்ளைக்கு யார் சொன்னது?

டொக்டர் மிஸ் பேனையை வைத்தா. இப்படியான டப்பாக்களில் ஸ்டீரொயிட் கலந்திருக்கிறது உண்டு, இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல ஏலாது, கவலையும் நித்திரையில்லாததும் சேர்ந்திருக்கும், ஆனால் முதலில் இதை விட வேண்டும், தோல் டொக்டரிடமும் காட்டி விட வேண்டும் என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினா. கண்ணில் தண்ணீர் பெரும்பாலும் தானாக வற்றுமாம், ஆனால் ஆவணிக்குள் வற்றும் என்று யாரும் கையெழுத்துப் போட ஏலாது. தர்ஷிகா நெற்றியைக் கைலேஞ்சியால் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டே இருந்தா. "நான் வெள்ளையாத் தெரிய வேணும் எண்டு பூசினன் அண்ணா, அவரெல்லோ கறுப்பாப் போனார்."

சத்தம் இல்லாத போன்

பிறகு வந்தபோதெல்லாம் பிளாஸ்டரைத் தானே கிழித்துத் தந்தா. கொப்புளம் மெல்ல மெல்ல வாடியது. அடித்தட்டும் கொஞ்சம் இறங்கியது. ஆனால் பொட்டு முழுசாகப் போகவில்லை. மூக்கு இருக்கிற இடத்தில் இப்போது ஏதோ ஒரு நிழல் தெரியுது என்றா. கண்ணாடிக்குள்ளே ஆவி படிந்த மாதிரியாம்.

ஆடி மாதக் கடைசியில் ஒரு நாள் வந்து, கஜனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னா. கண்ணையும், கிரீமையும், மாமி சொன்னதையும். கஜன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு "சரி" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாராம். அதற்குப் பிறகு அழைப்பு இல்லை. நான் போனை ஒட்டி, மெஷினைக் கிட்டக் கொண்டுபோனேன். அன்றைக்கு அது ஒரு தரமும் உறுமவில்லை. கண் அசையாமல் நின்றது, படமும் திறமாக வந்தது. எனக்கு அந்தப் படத்தில் சந்தோசமே இல்லை. "போன் சத்தம் போட்டா ஏசுவீங்களே அண்ணா, இப்ப ஒருக்காச் சத்தம் போட்டாப் போதும் எண்டு கிடக்கு."

படம் பிழையாய்ப் போன நாள்

தாலி கட்டுக்கு முந்தின வாரம். கதவைத் தள்ளிக்கொண்டு தர்ஷிகா வந்தா. பின்னால் ஒரு நெடுவலான ஆள், வேர்த்துக் கொட்டுது, கையில் பாமசிக்காரர் கொடுத்த தண்ணீர்ப் போத்தல். தொப்பி இல்லாததால் எனக்கு உடனே பிடிபடவில்லை. பசீஹாதான் கவுண்டரிலிருந்து, "நானா, உங்கட பிளாஸ்டர் மாப்பிளை!" என்று கத்தினா. கஜன் என் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கம் சொன்னார். தாயோடு அந்தக் கிரீம் கதைக்குப் பெரிய சண்டையாம். அந்தக் கோபத்தில் யாரோடும் கதைக்கப் பிடிக்காமல், டிக்கெட்டை முன்னுக்கு மாற்றிக்கொண்டு வந்து இறங்கிவிட்டாராம். எனக்கு ஏச வேண்டும் போல இருந்தது, கட்டிப் பிடிக்கவும் வேண்டும் போல இருந்தது.

வழமைபோல "போனைத் தாங்கோ" என்று கையை நீட்டினேன். தர்ஷிகா தரவில்லை. ஆளைப் பிடித்து இழுத்து, போட்டோ ஒட்டுகிற இடத்தில் நிறுத்தினா. சரி என்று மெஷினைக் கிட்டக் கொண்டுபோனேன். ஐயோ, அந்தக் கண்ணா இந்தக் கண்? ஒரு இடத்தில் நிற்குதா? துள்ளுது, நனையுது, சிமிட்டுது. "தம்பி, ஆடாமல் நில்லும்" என்று ஏசினேன். "நான் ஆடேல்லை அண்ணை, அவதான்" என்கிறார். அடுக்கினதெல்லாம் கலைந்தது. இந்தக் கிளினிக்கில் நான் எடுத்த படங்களிலேயே மோசமான படம் அதுதான். அதிலும், புகைக்கு நடுவில், கொப்புளம் இருந்த இடத்தில் ஒரு நூல் கனத்துக்குத்தான் தண்ணீர் மிச்சம் என்று தெரிந்தது.

மெஷினை நிப்பாட்டிவிட்டு, இடது கண்ணைப் பொத்தச் சொன்னேன். வலது கண்ணால் என்ன தெரியுது என்று கேட்டேன். தர்ஷிகா உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, ஒரு சாண் தூரத்தில் குனிந்து நிற்கிற முகத்தைப் பார்த்தா. பார்த்துக்கொண்டே இருந்தா. கஜன் பயந்துபோய் மூச்சு விடவில்லை, நானும் விடவில்லை. பிறகு கையை எடுக்காமலே சிரிக்கத் தொடங்கினா. "படம் பிழையாப் போனாப் பரவாயில்லை அண்ணா, ஆளுக்கு மூக்கு இருக்கு."

சனமே, மெஷினை எவ்வளவு கிட்டக் கொண்டுபோனால் எவ்வளவு ஆழம் தெரியும் என்பது அத்துப்படியான எனக்கு, சைப்ரஸை ஒரு சாண் கிட்டக் கொண்டுவருகிற வழி மட்டும் இன்னும் பிடிபடவில்லை.